காந்தச் சிறையில் எழுந்த அலைகள்

கதிரவன் ஏன் ஒளிர்கிறான் என்னும் வினாவிற்கு மனித இனம் சரியான விடை கண்டது இருபதாம் நூற்றாண்டில்தான். எடை குறைந்த அணுக்கருக்கள் ஒன்றோடொன்று பிணைந்து எடை மிகுந்த கருவாக மாறும்போது, பொருளின் சிறு பங்கு ஒன்று பேராற்றலாக வெளிப்படுகிறது. விண்மீன்களின் ஒளிக்கும் வெம்மைக்கும் அதுவே ஊற்று. 1939ஆம் ஆண்டில் ஹான்ஸ் பெத்தே என்னும் இயற்பியலறிஞர் இதனை விரிவாக விளக்கினார். விண்ணில் எரியும் அந்தத் தீயை மண்ணிலும் மூட்டி, மக்களின் தேவைக்குப் பயன்படுத்த வேண்டும் என்னும் வேட்கை பின்னர் எழுந்தது.

அவ்வேட்கையின் வரலாறு பெரும்பாலும் எந்திரங்களின் வரலாறாகவே கூறப்படுகிறது. எந்த நாடு எவ்வளவு பெரிய கலனைக் கட்டியது, எத்தனை கோடிப் பாகை வெப்பத்தை எட்டியது என்னும் செய்திகளே முன்னிற்கின்றன. ஆயினும் அதனுள்ளே மற்றொரு வரலாறும் அடங்கியுள்ளது. மூட்டப்படும் தீ, தன்னுள் தானே எழுப்பிக்கொள்ளும் அலைகளால் அணைந்துபோகுமோ என்னும் ஐயத்தின் வரலாறு அது. எந்திரம் முற்றுப்பெறுவதற்கு முன்னரே அந்த ஐயத்திற்கு விடை காண வேண்டியிருந்ததால், அறிஞர்கள் கணிப்பொறிக்குள் அத்தீயின் மாதிரியை அமைத்துப் பார்க்கத் துணிந்தனர். அந்தக் கணிப்பை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதே இவ்வரலாற்றின் உயிர்நாடியான வினா.

தீயும் அதன் சேய்களும்

டியூட்டீரியம், டிரிட்டியம் என்னும் இரண்டும் ஹைட்ரஜனின் உடன்பிறப்புகள். இவ்விரண்டின் கருக்களையும் பிணைப்பதே மண்ணில் மூட்டுவதற்கு ஓரளவு எளிதான அணுக்கருத் தீ. எளிது என்றாலும் அதற்கு ஏறத்தாழ 15 கோடிப் பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தில் அணுக்கள் அணுக்களாக நிற்பதில்லை; எலக்ட்ரான்கள் தனியாகவும் கருக்கள் தனியாகவும் பிரிந்து, மின்னூட்டம் பெற்ற ஒரு கொதிநிலைக் கலவையாகிவிடுகின்றன. அதுவே பிளாஸ்மா. அதனைத் தாங்கவல்ல பாத்திரம் எந்தப் பொருளாலும் செய்ய இயலாது. ஆனால், மின்னூட்டம் பெற்ற துகள்கள் காந்தப்புலத்தின் கோடுகளைச் சுற்றிச் சுழலும் இயல்புடையவை. ஆகவே, காந்தப்புலத்தையே சிறையாக்கிப் பிளாஸ்மாவைச் சுவரில் படாமல் அடைத்து வைக்கலாம்.

இரு கருக்கள் பிணையும் ஒவ்வொரு முறையும் 1 கோடியே 76 இலட்சம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வெளிப்படுகிறது. அதில் ஐந்தில் நான்கு பங்கை நியூட்ரான் சுமந்து செல்கிறது. மின்னூட்டமற்ற நியூட்ரானைக் காந்தப்புலம் தடுக்காது; அது வெளியேறிச் சுவரை வெப்பமூட்டுகிறது. எஞ்சிய ஒரு பங்கான 35 இலட்சம் எலக்ட்ரான் வோல்ட், ஆல்ஃபா துகள் எனப்படும் ஹீலியக் கருவிடம் தங்குகிறது. மின்னூட்டமுடைய இத்துகள் காந்தச் சிறையினுள்ளேயே சுற்றிவந்து, எலக்ட்ரான்களோடு மோதி மோதி, ஏறத்தாழ ஒரு நொடி அளவில் தன் ஆற்றலைப் பிளாஸ்மாவிற்குப் பகிர்ந்தளிக்கிறது. எரியும் விறகின் வெம்மையே அடுத்த விறகைப் பற்றவைப்பது போல, ஆல்ஃபா துகள்களின் வெம்மையே அடுத்த பிணைப்புகளுக்கு வழிவகுக்க வேண்டும். அவ்வாறு நிகழ்ந்தால்தான் தீ தன்னைத்தானே காத்துக்கொள்ளும்.

ஆகவே, தீயின் வாழ்வு அத்தீ ஈன்ற சேய்களின் கையில் உள்ளது. அச்சேய்கள் தம் ஆற்றலைக் கொடுத்து முடிக்கும் முன்னரே சிறையிலிருந்து தூக்கி எறியப்பட்டால் இரண்டு கேடுகள் விளையும். ஒன்று, தீ குளிர்ந்து அணையும். மற்றொன்று, எறியப்பட்ட துகள்கள் சுவரின் ஏதேனும் ஓரிடத்தில் குவிந்து தாக்கி, அவ்விடத்தைச் சிதைக்கும். இவ்வாறு தூக்கி எறியவல்ல ஆற்றல் எதற்கு உண்டு? இவ்வினாவிற்குரிய விடையின் வேர் சுவீடன் நாட்டில் ஊன்றப்பட்டது.

ஆல்ஃபென் கண்ட அலை

1942ஆம் ஆண்டு உலகப் போரின் நடுவே, ஹன்னஸ் ஆல்ஃபென் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழில் ஒரு சிறு மடல் வெளியிட்டார். மின்சாரத்தை நன்கு கடத்தும் பாய்மம் ஒன்று காந்தப்புலத்தினுள் இருக்குமாயின், அதில் ஒரு புதுவகை அலை எழும் என்பது அம்மடலின் சாரம். காந்தப்புலக் கோடுகள் இழுத்துக் கட்டிய யாழ் நரம்பு போன்றவை. பாய்மம் அந்நரம்புகளோடு ஒட்டிக்கொண்டு அவற்றிற்கு எடையைத் தருகிறது. நரம்பைச் சுண்டினால் அதிர்வு ஓடுவது போல, புலக்கோட்டைச் சற்றே வளைத்தால் அவ்வளைவு கோட்டின் வழியே ஓடும். புலம் வலுவானால் அலை விரையும்; பாய்மம் அடர்ந்தால் அலை தளரும்.

நன்கு கடத்தும் பொருளினுள் மின்காந்த அலை புக இயலாது என்பதே அதுவரை அனைவரும் கற்றிருந்த பாடம். அதனால், ஆல்ஃபெனின் கூற்றை அறிஞருலகம் உடனே ஏற்கவில்லை. 1948ஆம் ஆண்டில் அவர் சிக்காகோவில் உரையாற்றியபோது, அவையிலிருந்த என்ரிக்கோ ஃபெர்மி தலையசைத்து உடன்பட்டார் என்றும், அதன் பின்னரே பிறரும் உடன்பட்டனர் என்றும் கூறப்படுவதுண்டு. ஒருவரின் தலையசைப்பு ஒருபுறமிருக்க, சுவீடனில் 1949இல் லுண்ட்குவிஸ்ட் பாதரசத்திலும், 1954இல் லேனர்ட் உருகிய சோடியத்திலும் நடத்திய சோதனைகள் அவ்வலையை ஆய்வுக்கூடத்திலேயே காட்டின. 1970ஆம் ஆண்டில் ஆல்ஃபெனுக்கு இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. கணிப்பு முந்தி வந்ததும், ஐயம் எழுந்ததும், சோதனை தீர்ப்பளித்ததுமாகிய இம்முறைமை பின்னாளில் பலமுறை திரும்பவும் நிகழ்ந்தது.

வளையம் பிறந்த கதை

போர் முடிந்த பின்னர், 1950ஆம் ஆண்டையொட்டி, சோவியத் நாட்டில் ஆந்திரே சாகரோவும் இகோர் தாமும் வளைய வடிவிலான காந்தச் சிறை ஒன்றைக் கற்பனை செய்தனர். வளையத்தைச் சுற்றிலும் வலுவான காந்தப்புலம். பிளாஸ்மாவினுள் ஓடும் மின்னோட்டம் உண்டாக்கும் மற்றொரு புலம். இரண்டும் சேர்ந்து புலக்கோடுகளைக் கயிறு போல முறுக்கிவிடும். டோக்காமாக் என்று பெயர் பெற்ற இக்கருவியை மாஸ்கோவின் குர்ச்சத்தோவ் நிறுவனத்தில் லெவ் ஆர்ட்சிமோவிச்சின் குழுவினர் வளர்த்தெடுத்தனர். 1968ஆம் ஆண்டு நோவோசிபிர்ஸ்க் நகரில் நடைபெற்ற அனைத்துலக மாநாட்டில், தி-3 என்னும் தங்கள் கருவியில் பிளாஸ்மாவின் வெப்பம் ஒரு கோடிப் பாகை அளவை எட்டியதாக அவர்கள் அறிவித்தனர்.

மேலை நாட்டினர் அதனை நம்பத் தயங்கினர். பனிப்போரின் உச்சக்கட்டமாகிய அந்நாளிலும், பிரிட்டனின் கல்லம் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு குழு லேசர் கருவிகளை எடுத்துக்கொண்டு மாஸ்கோ சென்றது. 1969ஆம் ஆண்டில் அக்குழு வெளியிட்ட அளவீடு சோவியத் அறிஞர்களின் கூற்றை உறுதிப்படுத்தியது. அதன் பின்னர் உலகின் பல நாடுகளும் டோக்காமாக் கட்டத் தொடங்கின.

முன்கூட்டியே வந்த எச்சரிக்கை

டோக்காமாக் பிளாஸ்மாவிலும் ஆல்ஃபெனின் அலைகள் எழக்கூடும் என்பது தெரிந்ததே. அவற்றை ஆல்ஃபா துகள்களே எழுப்பிவிட்டால் என்னாகும் என்பதே புதிய வினா. பிற்காலத்தில் திட்டமிடப்பட்ட ஐட்டர் என்னும் பெருங்கருவியின் அளவுகளை எடுத்துக்கொண்டால் இதன் பொருத்தம் விளங்கும். அங்கே ஆல்ஃபென் அலையின் வேகம் நொடிக்கு 70 இலட்சம் மீட்டர் அளவில் இருக்கும். புதிதாய்ப் பிறக்கும் ஆல்ஃபா துகளின் வேகமோ நொடிக்கு 1 கோடியே 30 இலட்சம் மீட்டர். பிறக்கும்போது அலையை விஞ்சி ஓடும் துகள், வேகம் குறையக் குறைய ஒரு கட்டத்தில் அலையோடு ஒத்த வேகத்தில் ஓடியே தீரும். ஊஞ்சலை உரிய வேளையில் தள்ளுபவன் கை போல, அப்போது துகள் அலைக்குத் தன் ஆற்றலை ஈகிறது. பிளாஸ்மாவின் நடுவில் துகள்கள் மிகுந்தும் விளிம்பில் குறைந்தும் இருப்பதால், அவ்வாறு ஆற்றலை ஈயும் துகள்கள் மெல்ல வெளிப்புறமாகத் தள்ளப்படுகின்றன.

1975ஆம் ஆண்டில் சோவியத் நாட்டின் மிகைலோவ்ஸ்கியும், அமெரிக்காவின் ரோசன்புளூத், ரூதர்ஃபோர்டு இருவரும் இந்த எச்சரிக்கையைத் தனித்தனியே விடுத்தனர். போட்டியிட்ட இரு முகாம்களிலிருந்தும் ஒரே ஆண்டில் ஒரே எச்சரிக்கை வந்தது குறிப்பிடத்தக்கது. அப்போது உலகில் எந்த டோக்காமாக்கிலும் குறிப்பிடத்தக்க அளவு ஆல்ஃபா துகள்கள் உண்டாக்கப்படவில்லை.

ஆயினும் ஓர் ஆறுதல் இருந்தது. பிளாஸ்மாவின் நடுவிலும் விளிம்பிலும் அடர்த்தியும் புலக்கோடுகளின் முறுக்கும் வேறுபடுவதால், இடத்திற்கு இடம் அலையின் அதிர்வெண் மாறுபடும். அடுத்தடுத்துள்ள நரம்புகள் வெவ்வேறு சுருதியில் அதிர்ந்தால் ஓசை ஒன்றுபடாமல் சிதைவது போல, அலை எழுந்தவுடனேயே சிதைந்து மடியும் என்று கருதப்பட்டது. அவ்வாறாயின் அஞ்ச வேண்டுவதில்லை.

அந்த ஆறுதல் நீடிக்கவில்லை. வளைய வடிவத்தில் உட்புறத்தில் காந்தப்புலம் வலுத்தும் வெளிப்புறத்தில் மெலிந்தும் இருக்கும். புலக்கோட்டின் வழியே ஓடும் அலை இவ்வேறுபாட்டை மாறி மாறிச் சந்திக்கிறது. படிகத்தின் அணுவரிசையில் ஓடும் எலக்ட்ரான்களுக்குச் சில ஆற்றல் நிலைகள் விலக்கப்பட்டிருப்பது போல, இங்கும் அதிர்வெண் வரிசையில் ஓர் இடைவெளி தோன்றுகிறது. 1985ஆம் ஆண்டில் பிரின்ஸ்டன் ஆய்வுக்கூடத்தின் செங், லியூ சென், சான்ஸ் ஆகிய மூவரும், அவ்விடைவெளிக்குள் ஒரு தனி அலை குடியிருக்க முடியும் என்று காட்டினர். சுற்றியுள்ள அதிர்வெண்களோடு கலவாமல் இடைவெளிக்குள் நிற்பதால், அது எளிதில் சிதைவதில்லை. துகளைச் சிறைப்படுத்துவதற்காக வளைத்த வளையமே அலைக்குப் புகலிடம் தந்தது. 1989ஆம் ஆண்டில் ஃபூ, வான் டாம் என்னும் இருவர், எரியும் நிலையிலுள்ள டோக்காமாக்கில் ஆல்ஃபா துகள்கள் அவ்வலையை எழுப்பவல்லவை என்று கணித்துக் கூறினர்.

சோதனைக்கூடம் தந்த சான்று

இதனிடையே சோதனைக்கூடங்களில் வேறொரு நிகழ்ச்சி வியப்பை உண்டாக்கியிருந்தது. பிளாஸ்மாவை வெப்பமூட்டுவதற்காக விரைவான அணுக்கற்றைகளை உள்ளே செலுத்துவது வழக்கம். பிரின்ஸ்டனின் பி.டி.எக்ஸ். கருவியில் அவ்வாறு செலுத்தியபோது, காந்த உணர்விகள் வெடிப்பு வெடிப்பாக அதிர்வுகளைப் பதிவு செய்தன. ஏட்டில் விழுந்த அக்கோடுகள் மீனின் முள்ளெலும்பை ஒத்திருந்ததால் 'மீன்முள்' என்றே அவற்றிற்குப் பெயர் வைத்தனர். ஒவ்வொரு வெடிப்பின்போதும் விரைவுத் துகள்கள் வெளியேறின. செலுத்திய ஆற்றலில் 20 முதல் 40 விழுக்காடு வரை வீணாயிற்று என்று 1983ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு தெரிவித்தது. விரைவுத் துகள்கள் தாமே அலை எழுப்பித் தாமே வெளியேறுவதென்பது வெறுங்கணக்கன்று என்பது அன்றே புலனாயிற்று.

இடைவெளியில் குடியிருக்கும் அலையையும் கண்ணாரக் காண வேண்டியிருந்தது. அதற்குத் தேவையான ஆல்ஃபா துகள்கள் இல்லாத நிலையில் அறிஞர்கள் ஒரு மாற்று வழி கண்டனர். துகளை விரைவாக்க இயலாவிடில் அலையைத் தளரச் செய்யலாமன்றோ? காந்தப்புலத்தை வழக்கமான அளவிலிருந்து வெகுவாகக் குறைத்தால் அலையின் வேகம் குறையும். அப்போது சாதாரண அணுக்கற்றையே அலையோடு ஒத்து ஓடும். 1991ஆம் ஆண்டில் பிரின்ஸ்டனின் டி.எஃப்.டி.ஆர். கருவியில் வோங் குழுவினரும், கலிபோர்னியாவின் டி.மூன்று.டி. கருவியில் ஹைட்பிரிங் குழுவினரும் இவ்வழியில் சோதித்து, முன்னர்க் கணித்த அதிர்வெண்ணிலேயே அலை எழுவதைக் கண்டனர். டி.மூன்று.டி. கருவியில் சில வேளைகளில் விரைவுத் துகள்களில் பாதிக்கு மேற்பட்டவை இழக்கப்பட்டன.

உண்மையான ஆல்ஃபா துகள்களின் சான்று இன்னும் நுட்பமானது. 1993ஆம் ஆண்டின் இறுதியில் டி.எஃப்.டி.ஆர். கருவியில் டியூட்டீரியமும் டிரிட்டியமும் சமமாகக் கலந்த எரிபொருள் பயன்படுத்தப்பட்டது. 1994இல் அது 1 கோடி வாட்டைத் தாண்டிய பிணைப்பாற்றலை ஈன்றது. ஆனால் எதிர்பார்த்த அலை எழவில்லை. அணுக்கற்றையின் துகள்களே அலையை அடக்கிவிடுகின்றன என்றும், கற்றையை நிறுத்திய பின் சிறிது நேரத்திற்கு மட்டும் ஆல்ஃபா துகள்கள் மேலோங்கும் என்றும் கோட்பாட்டாளர் கணித்தனர். புலக்கோடுகளின் முறுக்கையும் அதற்கேற்ப அமைத்துப் பார்த்தபோது, கற்றை நின்ற பின் நொடியின் சிறு கூறொன்றில் அவ்வலை மெலிதாக எழுந்தது. நசிக்கியன் குழுவினர் 1997இல் இதனை வெளியிட்டனர். எங்கே, எப்போது தேட வேண்டும் என்பதைக் கணிப்பு சொல்லியிராவிடில், அந்த மெல்லிய அலை காணப்படாமலே போயிருக்கும்.

கணிப்பொறிக்குள் ஒரு கடல்

அலை எழுமா என்னும் வினாவிற்குத் தாளும் எழுதுகோலும் ஓரளவு விடை தந்தன. எழுந்த அலை எவ்வளவு உயரும், எத்தனை துகள்களை வெளியேற்றும் என்னும் வினாக்களோ அவற்றிற்கு அடங்கவில்லை. அலை துகளை நகர்த்த, நகர்ந்த துகள் அலையை மாற்ற, மாறிய அலை மீண்டும் துகளை நகர்த்தும். இப்பின்னலை அவிழ்க்கக் கணிப்பொறியின் துணை தேவையாயிற்று. பிளாஸ்மாவின் மாதிரியைக் கணிப்பொறிக்குள் அமைத்து, இயற்பியல் விதிகளின்படி அதனை நகரவிட்டு, விளைவைக் கண்டறியும் இம்முறையை மாதிரிக் கணிப்பு எனலாம்.

அதன் தொடக்கம் மிக எளியது. 1962ஆம் ஆண்டில் பிரின்ஸ்டனின் ஜான் டாசன், பிளாஸ்மாவை ஒரே திசையில் நகரும் மெல்லிய தகடுகளின் வரிசையாகப் பாவித்து, அவற்றின் இயக்கத்தைக் கணிப்பொறியில் பின்தொடர்ந்தார். அந்த எளிய மாதிரியே பிளாஸ்மாவின் சில அடிப்படை இயல்புகளை உள்ளவாறே காட்டியது. ஆனால் டோக்காமாக்கோ தகடுகளின் வரிசை அன்று. அதில் ஒரு கன மீட்டருக்குப் பத்தாயிரம் கோடியை நூறு கோடியால் பெருக்கிய அளவு துகள்கள் இருக்கக்கூடும். அத்தனையையும் பின்தொடர எக்காலத்துக் கணிப்பொறியாலும் ஆகாது.

தொகையைவிடக் கொடியது கால அளவின் பரப்பு. ஐட்டர் போன்ற கருவியில் ஓர் ஆல்ஃபா துகள் புலக்கோட்டை நொடிக்கு ஏறத்தாழ 4 கோடி முறை சுற்றும். அலையோ நொடிக்கு ஓர் இலட்சம் முறை என்னும் அளவில் அதிரும். துகள் தன் ஆற்றலை இழக்க ஏறத்தாழ ஒரு நொடி ஆகும். கண்ணிமையின் துடிப்பையும் மனிதனின் ஆயுளையும் ஒரே நாட்குறிப்பில் எழுத முயல்வது போன்றது இது.

இத்தடைகளை அறிஞர்கள் ஒவ்வொன்றாகக் களைந்தனர். பல கோடித் துகள்களுக்கு ஒரு மாதிரித் துகளைச் சார்பாளராக நிறுத்துவது ஒரு வழி. துகளின் ஒவ்வொரு சுழற்சியையும் தொடராமல், சுழலும் வளையம் ஒட்டுமொத்தமாக நகர்வதை மட்டும் தொடர்வது மற்றொரு வழி. 1983ஆம் ஆண்டில் லீ என்பவர் இதனை மாதிரிக் கணிப்புக்குரிய முறையாக்கினார். மூன்றாவது வழி கலப்பு முறை. எண்ணிக்கையில் மிகுந்த சாதாரணப் பிளாஸ்மாவை ஒரு பாய்மமாகவும், எண்ணிக்கையில் குறைந்து ஆற்றலில் மிகுந்த விரைவுத் துகள்களைத் தனித்தனித் துகள்களாகவும் கொண்டு, இரண்டையும் இணைத்துக் கணிப்பது அது. 1992ஆம் ஆண்டில் பிரின்ஸ்டனில் பார்க் குழுவினர் இதனை முப்பரிமாணத்தில் செய்து காட்டினர். ஜப்பானில் யசுஷி தோடோவும் அவர்தம் தோழரும் 1995 முதல் இடைவெளி அலையைக் கணிக்கும் நிரல்களை உருவாக்கினர்.

கணிப்பும் கண்கூடும் முரண்பட்டபோது

இவ்வரலாற்றின் மிகப் பயனுள்ள பகுதி, கணிப்பு தவறிய இடமே எனலாம். 1991ஆம் ஆண்டின் டி.எஃப்.டி.ஆர். சோதனையில், அலை தொடர்ந்து எழாமல் விட்டுவிட்டு வெடித்தது. ஒவ்வொரு வெடிப்பிலும் துகள்கள் வெளியேறின. இந்நிகழ்ச்சியைக் கணிப்பொறிக்குள் மீண்டும் நிகழ்த்த, தோடோவும், டெக்சாசின் பெர்க், பிரெய்ஸ்மன் ஆகிய கோட்பாட்டாளர் இருவரும் முயன்று, 2003ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். வெடிப்புகளுக்கு இடைப்பட்ட காலம் சோதனையோடு நன்கு பொருந்தியது. பல அலைகள் ஒரே வேளையில் வெடிப்பதும் பொருந்தியது. ஆனால் அலையின் உயரம் பொருந்தவில்லை. சோதனையிலிருந்து உய்த்துணர்ந்த அளவைவிடக் கணிப்பில் அலை மிக ஓங்கி எழுந்தது.

அம்மூவரும் அவ்வேறுபாட்டை மறைக்கவில்லை. வெளியிட்ட கட்டுரையிலேயே குறித்தனர். அக்கணிப்பு துகள்களின் நகர்வை முழுமையாகக் கொண்டிருந்தாலும், பாய்மம் அலைக்குத் தரும் எதிர்வினையை முழுமையாகக் கொள்ளவில்லை. அலை ஓங்கும்போது பாய்மத்தில் வேறு அதிர்வுகளும் ஓட்டங்களும் பிறந்து, அலையின் ஆற்றலைப் பங்கிட்டுக்கொள்கின்றன. 2010ஆம் ஆண்டில் அதே மூவரும் இவ்விளைவைச் சேர்த்துக் கணித்தபோது, ஓங்கிய அலையின் உயரம் குறைவதைக் கண்டனர். 2012ஆம் ஆண்டில் தோடோ வெளியிட்ட கணிப்பில் வெடிப்பும், அதன் உயரமும் நம்பத்தக்க அளவுக்கு வந்தன. சோதனை நடந்து இருபது ஆண்டுகள் கழிந்த பின்னரே அதன் பொருள் கணிப்பொறிக்குள் தெளிவாயிற்று.

டி.மூன்று.டி. கருவியில் மற்றொரு புதிர் காத்திருந்தது. விரைவுத் துகள்கள் நடுவில் குவிந்திருக்க வேண்டிய இடத்தில், அவை சமதளமாகப் பரந்து கிடப்பதை ஹைட்பிரிங் குழுவினர் 2007ஆம் ஆண்டில் அறிவித்தனர். இதனைக் கணிக்க வேண்டுமாயின் நீண்ட நேர இயக்கத்தைத் தொடர வேண்டும். அலையின்றித் துகள்கள் சேரும் கட்டத்தை விரைவாகவும், அலை எழும் கட்டத்தை நுணுக்கமாகவும் மாறி மாறிக் கணிக்கும் உத்தியைத் தோடோ கையாண்டார். 2014ஆம் ஆண்டில் வெளியான அக்கணிப்பு, கருவியில் அளந்த சமதளத்தை நெருங்கி வந்தது.

ஜப்பானின் நாகா நகரிலிருந்த ஜே.டி.-60யு கருவியில், அலைகள் சிறிது நேரம் அடங்கியிருந்து திடுமெனப் பேரெழுச்சி கொண்டு, விரைவுத் துகள்களைக் கூட்டமாக நகர்த்திய நிகழ்ச்சிகள் பதிவாகியிருந்தன. அக்கருவி 2008ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. பத்தாண்டுகள் கழித்து, 2018ஆம் ஆண்டில், பியர்வாகே குழுவினர் அப்பேரெழுச்சிகளை மீக்கணிப்பொறியில் மீண்டும் எழச் செய்தனர். அலைநீளத்தில் வேறுபட்ட பல அலைகள் ஒருங்கே வலுப்பெறுவதே பேரெழுச்சிக்கு வழிவகுக்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. எந்திரம் ஓய்ந்த பின்னும் அது விட்டுச் சென்ற ஏடுகள் கணிப்புக்கு ஆசானாக விளங்கின.

அதே 2018ஆம் ஆண்டில் மற்றொரு முக்கியமான பணியும் வெளியாயிற்று. வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு முறைகளில் எழுதப்பட்ட பல நிரல்களுக்கு ஒரே கணக்கைக் கொடுத்து, விடைகளை ஒப்பிட்டுப் பார்த்தனர். அலையின் அதிர்வெண்ணிலும் வளர்ச்சி வேகத்திலும் நிரல்கள் பெருமளவு ஒத்துப்போயின. ஒருவர் கணக்கைப் பிறர் சரிபார்க்கும் இவ்வழக்கமே கணிப்பின் மீதுள்ள நம்பிக்கைக்கு அடித்தளம் ஆயிற்று.

எட்டாத இடத்திற்கு ஒரு விளக்கு

இத்துணை முயற்சியும் எதற்கு என்னும் வினா எழலாம். பிரிட்டனின் ஜெட் கருவி 2023ஆம் ஆண்டில் தன் இறுதிச் சோதனைகளில் 69 மெகாஜூல் பிணைப்பாற்றலை ஈந்து விடைபெற்றது. ஆயினும் அங்குக்கூட, பிளாஸ்மாவைச் சூடாக்கியதில் பெரும்பங்கு வெளியிலிருந்து செலுத்திய ஆற்றலே. ஆல்ஃபா துகள்களின் வெம்மையே மேலோங்கி நிற்கும் பிளாஸ்மாவைக் காந்தச் சிறையில் எவரும் கண்டதில்லை.

பிரான்சின் தென்பகுதியில் கட்டப்பட்டுவரும் ஐட்டர் அதனைக் காட்டுவதற்கென்றே திட்டமிடப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம், இந்தியா, சீனா, ஜப்பான், தென்கொரியா, இரசியா, அமெரிக்கா ஆகியவை அதில் பங்காளிகள். 50 மெகாவாட் வெப்பத்தைச் செலுத்தி 500 மெகாவாட் பிணைப்பாற்றலைப் பெறுவது அதன் குறிக்கோள். அவ்வாறாயின் ஆல்ஃபா துகள்கள் 100 மெகாவாட்டைத் தரும். வெளியிலிருந்து செலுத்துவதைப் போல இருமடங்கு அது. 2024ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட திருத்திய திட்டத்தின்படி, ஆய்வு இயக்கம் 2034இலும், டியூட்டீரியம்-டிரிட்டியம் இயக்கம் 2039இலும் தொடங்கும்.

ஐட்டரின் பிளாஸ்மா 800 கன மீட்டரைத் தாண்டும். கலன் பெரிதாகும்போது துகளின் சுழற்சி வளையம் அதனோடு ஒப்பிடச் சிறிதாகிறது. அதனால் சிறு கருவிகளில் ஒன்றிரண்டாய் எழுந்த அலைகள், பெருங்கருவியில் குறுகிய அலைநீளத்தோடு பலவாய் எழக்கூடும். ஒவ்வோர் அலையும் தன் எல்லைக்குள் துகளைச் சிறிதே நகர்த்தும். எல்லைகள் தனித்தனியே நின்றால் துகள் வெகுதூரம் செல்லாது. எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தாலோ, கைமாறிக் கைமாறிச் செல்லும் குடம் போலத் துகள் நடுவிலிருந்து விளிம்பு வரை போய்ச் சேரும். சிறு கருவியின் அனுபவத்தைப் பெருக்கல் கணக்கால் பெருக்கி இதனை அறிந்துவிட இயலாது. எட்டாத அந்த இடத்திற்கு முன்கூட்டி விளக்கேந்திச் செல்லக் கணிப்பு ஒன்றே உண்டு.

அவ்விளக்கின் ஒளி எங்கிருந்து வந்தது என்பதை மறத்தலாகாது. பாதரசக் கிண்ணத்தில் அதிர்ந்த அலையும், மாஸ்கோவுக்குச் சென்ற லேசர் கருவியும், மீன்முள்ளாய் விழுந்த கோடுகளும், குறைத்த காந்தப்புலத்தில் எழுந்த வெடிப்புகளும் சேர்ந்து ஏற்றிய விளக்கு அது. கணிப்பு சோதனைக்கு வழிகாட்டிய போதெல்லாம் சோதனை விரைந்தது. சோதனை கணிப்பை மறுத்தபோது, மறுப்பை ஏற்றுத் தன்னைத் திருத்திக்கொண்ட கணிப்பே வலுப்பெற்றது. 2003ஆம் ஆண்டில் ஓங்கி எழுந்த தவறான அலை வெளிப்படையாக எழுதப்படாமல் இருந்திருந்தால், 2012ஆம் ஆண்டின் நம்பத்தக்க அலை பிறந்திருக்காது.

ஐட்டரின் வளையத்தினுள் ஆல்ஃபா துகள்கள் நிறையும் நாளில், அறிஞர்கள் கண்ணிமைக்காமல் நோக்கப்போவது வெப்பமானியை மட்டுமன்று. காந்த உணர்விகளில் விழும் அலைகளின் கோடுகளையும் அவர்கள் நோக்குவர். அக்கோடுகள் கணிப்பொறி முன்னரே வரைந்த கோடுகளோடு பொருந்தினால், தீயின் சேய்கள் தீயிடமே தங்கும் என்னும் நம்பிக்கை உறுதிப்படும். பொருந்தாவிடில், கணிப்பு மீண்டும் மாணவனாய் அமர்ந்து கற்க வேண்டியிருக்கும். எண்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இவ்வரலாறு அதற்கு அஞ்சாமல் அமரக் கற்றுக்கொடுத்திருக்கிறது.